என் அறையில் பைலா இல்லை

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுவிட்டீர்கள். "இவ்வளவு பாட்டுத் தட்டு அடுக்கி வெச்சிரிக்கீங்க, ஒரு பைலாத் தட்டு கூட இல்லையே டீச்சர்?" என்று. நான் வழக்கம்போல, "நல்லதொண்டு கைக்கு அம்பிடல்ல" என்று சொல்லிவிட்டுப் பிளேன்டி ஊற்றப் போனேன். அது பொய். கொழும்பில் பழைய சாமான் விற்கிற கடைகளில் பைலா ஆட்டப்பாட்டுத் தட்டுகள் தூசி பிடித்துக் குவிந்து கிடக்கின்றன. மூன்று தடவை கையில் எடுத்திருக்கிறேன், மூன்று தடவையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாமெல்லாம் அறுபதைத் தாண்டியாயிற்று. ஒருவரை ஒருவர் ஏமாற்றி இனி என்ன கிடைக்கப் போகிறது? உண்மையை எழுதித் தருகிறேன். வாசித்த பிறகு அடுத்த ஞாயிறு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

என் அறை உங்களுக்குப் பழக்கம். ஜன்னலுக்குத் தடித்த சீலை, சுவருக்குத் தும்புப் பாய், நடுவில் நீங்கள் சண்டை பிடித்துக்கொண்டு உட்காருகிற அந்த ஒரே சாய்மனைக் கதிரை. பாட்டுப் பெட்டிகள் நான்கு. நான்கும் செத்த பிணமாக என்னிடம் வந்தவை. கடற்காற்று குடிக்கிற ஊரில் மோட்டருக்குள் உப்பு ஏறிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, மெல்லிய எண்ணெய் விட்டு எழுப்ப வேண்டும். எந்தப் பெட்டி வந்தாலும் நான் முதலில் தட்டு சுற்றுகிற மேடையைத் தூக்கி அடியில் பார்ப்பேன். அங்கே ஒரு ரப்பர் சில்லு இருக்கும், நம் கோப்பைத் தட்டின் நடுப்பள்ளம் அளவுக்கு. மோட்டர் அந்தச் சில்லைச் சுற்ற, சில்லு மேடையைச் சுற்றும். சில்லு இல்லையென்றால் மோட்டர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும், பாட்டு வராது. இதை ஒன்பது வயதிலேயே நான் தெரிந்து வைத்திருந்தேன். யாரும் படிப்பிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் வீடு மாறுகிறவன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வெளியூரில் பிறந்த உங்கள் பேரப்பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும். வீடு பெண்ணுக்கு. அவளுடைய வாப்பாவோ, மூத்த சகோதரன் காக்காவோ கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அங்கே குடியேறுவார். அந்த வளவைச் சுற்றி மனைவியின் சகோதரிகளே இருப்பார்கள். ஒரு பெண் தும்மினால்கூட நாலு வீட்டில் இருந்து "யர்ஹமுகல்லாஹ்" வரும். அதனால்தான் நம் ஊரில் மனைவியை அடிக்கப் புருஷன்மாருக்குத் தைரியம் குறைவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

என் வாப்பா அட்டாளைச்சேனையில் இருந்து வந்தவர். தபால் கந்தோரில் வேலை. இரும்புப் பெட்டி ஒன்றும் ரேடியோகிராம் ஒன்றும் கொண்டு வந்தாராம். ரேடியோகிராம் என்றால் இடுப்பளவு உயரமான மரப்பெட்டி. ஒரு பக்கம் ரேடியோ, மூடியைத் திறந்தால் மறுபக்கம் தட்டு வைக்கும் மேடை. திறந்ததும் சூடான தூசியும் மெழுகும் கலந்த மணம் ஒன்று வரும். அந்த மணம் இப்போதும் சில பழைய பெட்டிகளில் வரும். வந்தால் மூடியை உடனே சாத்திவிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, வாப்பா அந்தப் பெட்டியைத் துடைப்பார். மேடையைத் தூக்குவார். ரப்பர் சில்லைப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கம்பி வளையத்தை நகத்தால் நெம்புவார். சில்லைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். நான் பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய விரல்களைப் பார்ப்பேன். நீளமான, சுத்தமான விரல்கள். முத்திரை ஒட்டி ஒட்டி நுனி மட்டும் மினுங்கும். அந்த விரல்களை நான் நேசித்தேன். அந்த விரல்கள்தான் உம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதும்.

காரணம் பெரிதாக இருக்காது. ஆணத்தில் உப்புக் கூடியிருக்கும், சேர்ட்டில் பொத்தான் இல்லாதிருக்கும். ஆனால் தொடங்குகிற வசனம் ஒன்றுதான்: "இது ஒங்கட ஊடு. ஒங்கட காக்கா கட்டின ஊடு. நான் இஞ்ச இரவல் மனுசன்தானே?" அந்த வசனம் முடிந்ததும் அடி விழும். பகல் சாப்பாட்டுக்குக் கந்தோரில் இருந்து சைக்கிளில் வருவார், அடிப்பார், முகம் கழுவி, தலை வாரி, திரும்பிப் போவார்.

முதல் அடி விழுந்ததும் உம்மா என்னைப் பார்த்துச் சொல்வார்: "மகள், பைலாவப் போடுங்க."

கவனியுங்கள், சொல்வது வாப்பா இல்லை. வாப்பாவுக்குப் பைலாவே பிடிக்காது. அவர் மெதுவான ஹிந்திப் பாட்டுக்காரர். அந்த ஒரு பைலாத் தட்டு யாரோ கலியாணத்துக்குக் கொடுத்தது. சிங்களப் பாட்டு. சொற்கள் எங்களில் ஒருவருக்கும் விளங்காது. ஆனால் மேளமும் கைதட்டும் சேர்ந்து தகரக் கூரையில் கல் எறிந்தது போல இருக்கும். வீட்டில் இருந்த தட்டுகளில் அதுதான் சத்தம் கூடியது என்று உம்மா கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஒரு பாட்டு மூன்று நிமிடம். சில நாளைக்கு ஒரு தடவை போதும். சில நாளைக்குப் பாட்டு முடிந்தும் மற்றது முடிந்திருக்காது. அப்போது நான் ஊசியைத் தூக்கித் திரும்பவும் ஓரத்தில் வைக்க வேண்டும். கை நடுங்கினால் ஊசி கீறிக்கொண்டு ஓடும். அதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நான்கு தடவை வைத்த நாளும் உண்டு. எனக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று திரும்பிப் பார்க்கமாட்டேன். தட்டு சுற்றுவதை மட்டும் பார்ப்பேன். நடுவில் சிவப்புக் காகிதம், அதில் தங்க எழுத்து.

எங்கள் கிடுகு வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பிள்ளைகள் கூடுவார்கள். பைலா கேட்டால் அவர்களுக்குப் பெருநாள். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள். உங்களில் இரண்டு பேர் அந்த ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். நீங்களும் ஆடியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஆடியிருப்பீர்கள். பெண்கள் உம்மாவைப் பார்த்து, "ஒனக்கென்ன, ஒன்ட மனுசன் வந்தாப் பாட்டும் கூத்தும்தான்" என்று கண்ணடிப்பார்கள். உம்மா வெட்கப்படுவது போலச் சிரிப்பார். எவ்வளவு நன்றாகச் சிரித்தார் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒருநாள் பள்ளிவாசல் மரைக்கார் வந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்திலும் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கிறதென்று முறைப்பாடு. வாப்பா கந்தோருக்குப் போகாத நாள் அது. மரைக்காரைக் கைபிடித்து உட்காரவைத்து, "மாப்புக் கேக்கிறன், இனி நடக்காது" என்று குழைந்தார். மரைக்கார் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இசையினால் வரும் கேட்டைப் பற்றிச் சொன்னார். "பாட்டுப் படிக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க தம்பி" என்றார். உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "ஓம், ஓம்" என்றார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. திரைச்சீலை இருந்தபடியால் மரைக்காருக்குத் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், போகும்போது என் தலையைத் தடவி ஓதி ஊதிவிட்டுப் போனார். அந்த வீட்டில் இருந்த பாவம் பாட்டுத்தான் என்று முடிவெடுத்துக்கொண்டு போனார்.

நான் சொல்லவந்த காலம் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடித்த கையோடு வந்த மாதங்கள். வெள்ளாமை வீட்டுக்கு வந்தால்தானே நம் ஆட்கள் கல்லும் மண்ணும் வாங்குவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டில் உம்மாவின் வாப்பா, காது மந்தமான மூத்தவாப்பாவும் சாச்சியும் இருந்தார்கள். சாச்சி உம்மாவின் ஒரே தங்கச்சி, பத்தொன்பது வயது. அவருக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அதே வளவில் அவருக்குப் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போட்டு முடிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு.

வீட்டைக் கட்டுவித்தவர் மாமா, உம்மாவின் காக்கா. அவர் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்கிறவர். வீரமுனைப் பக்கத்தில் இருந்து சாகாமம் வரை அவருடைய குரலுக்கு வரம்பில் நிற்பவன் மண்வெட்டியைக் கீழே வைப்பான் என்பார்கள். மூத்த தங்கச்சிக்காவது வீடு கட்டாமல் கலியாணம் செய்யமாட்டேன் என்று இருந்து, உம்மாவுக்குக் கட்டி முடித்து, முப்பத்தைந்து வயதில்தான் மணமுடித்தவர். இப்போது மாமியின் வீட்டில் இருந்தாலும் தினமும் வந்து மேசன்மாரோடு நிற்பார்.

சாச்சியைப் போலச் சிரிக்கிற ஆளை நான் பிறகு காணவில்லை. வேலி இடுக்கால் புகுந்து வருவார், என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார், "ஒனக்கும் சேத்துத்தான் புள்ள சல்வார் தைக்கக் குடுத்திரிக்கன்" என்பார். புது வீட்டின் சுவர் ஒரு வரிசை உயர்ந்தால் அதை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

உம்மாவின் கடைவாய்ப் பல் விழுந்தது அந்த நாட்களில்தான். பாட்டு இரண்டாம் தடவை ஓடிக்கொண்டிருந்தது. உம்மா குனிந்து உள்ளங்கையில் துப்பினார். இரத்தத்தின் நடுவில் பல். அதைக் கடுதாசியில் சுற்றி என்னிடம் தந்து, "அடுப்புக்குள்ள போட்டுட்டு வாங்க" என்றார். அடுத்தநாள் சாச்சி கேட்டபோது, "பாக்கு கடிச்சி ஒடஞ்சி போச்சி" என்றார். "அப்ப கிழவியாகிட்டாய் ராத்தா!" என்று சாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். உம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கோழிகளுக்குப் பின்னால் போய் நின்று மண்ணை வாரி வாரி எறிந்தேன். எல்லோர் மேலும் எறிய வேண்டும் போல இருந்தது.

இப்படியே போனால் உம்மா உயிர் போய் மௌத்தாகிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. யாரிடம் சொல்வது? சொல்லக்கூடாதென்று உம்மா குர்ஆன் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் அந்தக் கிழமைதான் நாலு வீடு தள்ளி ஒரு பெண் கத்திய சத்தம் கேட்டு ஒழுங்கையே ஓடியது. புருஷன்காரனை இரண்டு பேர் பிடரியில் பிடித்து வெளியே கொண்டுவந்ததை நான் பக்கத்து வீட்டு மதிலில் ஏறிப் பார்த்தேன். அதில் இருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். கேட்டால் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராதது பாட்டினால்தான். நான் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை, பாட்டு நின்றால் போதும்.

அடுத்தநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உம்மா கிணற்றடியில் நிற்கும்போது, ரேடியோகிராமின் மூடியைத் திறந்தேன். மேடையைத் தூக்கினேன். கம்பி வளையத்தை நகத்தால் நெம்பினேன். நகம் பிய்ந்தது, சில்லு கையோடு வந்தது. பிறகு உம்மா தண்ணீர் கொண்டு உள்ளே போனதும் சில்லையும் வளையத்தையும் கிணற்றுக்குள் போட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்தார். மீன் முள்ளு தொண்டையில் குத்தியதோ என்னவோ, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "இது ஒங்கட ஊடு" என்று தொடங்கினார். அடி விழுந்தது.

"மகள், பைலாவப் போடுங்க."

நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். ஊசியை வைத்தேன். உறுமல் மட்டும் வந்தது.

"என்ன புள்ள, போடுங்க!"

"சுத்துதில்ல உம்மா."

வாப்பா உம்மாவின் முடியை விட்டுவிட்டு வந்தார். என்னை விலக்கிவிட்டு மேடையைத் தூக்கினார். வெறும் தண்டு மட்டும் நின்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உம்மாவிடம் திரும்பினார்.

"எங்கடி வெச்சிரிக்காய்?"

"என்னத்த?"

"ரப்பர் சில்லு எங்க?"

"அல்லாஹ்வறிய எனக்குத் தெரியாது."

"பொய் கதைக்காத! இந்த ஊட்டில எனக்கெண்டு கிடக்கிறது இது ஒண்டுதான். அதையுமா எடுத்த?"

நான் இரண்டு கைநீளத் தூரத்தில் நின்றேன். "நான்தான் வாப்பா" என்று இரண்டே சொல். சொல்லவில்லை. முதலில் பயம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. கொஞ்சம் பொறு, இப்போது கேட்கும், இப்போது வருவார்கள் என்று எனக்குள் ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உம்மா வாங்கிய அடி அந்தச் சில்லுக்காக. அதாவது எனக்காக. வாப்பா முக்காலியைத் தூக்கினார்.

உம்மா கத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா கத்தவில்லை. சீலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். பாட்டு இல்லாத வீட்டில் அடி எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நெல்லுச் சாக்கைத் தரையில் போடுகிற சத்தம், அதற்குப் பிறகு மூக்கால் வருகிற மூச்சு, அவ்வளவுதான். மூன்றாவது தடவை முக்காலி இறங்கும்போது உம்மா கையைக் குறுக்கே வைத்தார். எலும்பு முறிந்தது. அதன் பிறகு எந்தச் சீலையாலும் உம்மாவின் சத்தத்தை அடைக்க முடியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மேசன்மாரின் கரண்டிச் சத்தம் நின்றது. வேலி சரிந்தது. மாமா வேலியோடு சேர்ந்தே உள்ளே வந்தார். கூரைக்கு அடிக்க வைத்திருந்த மரச் சலாகை ஒன்று கையில்.

"ஒன்ன மாப்பிள்ளயெண்டு தலையில வெச்சிருந்தமேடா!"

வாப்பாவை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுத்தான் அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முழங்காலில். விழுந்தவர் தலையைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் தூக்கினார், சலாகை விரல்களில் விழுந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுந்தது. வாப்பா, "மச்சான், மச்சான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒழுங்கை முழுக்க வந்துவிட்டது. பைலாவுக்கு ஆடுகிற பிள்ளைகளும் வந்திருந்தார்கள். உம்மா தொங்குகிற கையோடு ஓடி வந்து மாமாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, விடுங்க! இப்ப வேணாம் காக்கா! அல்லாஹ்வுக்காக, இப்ப வேணாம்!"

'இப்ப' என்ற சொல்லை அங்கே நின்ற ஒருவரும் கவனிக்கவில்லை. புருஷன் மேல் உள்ள பாசம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சலாகை முறிந்ததும் மாமா அலவாங்கை, மேசன்மாரின் கடப்பாரையை, எடுத்தார். ஒரு கணம் வாப்பாவைக் குத்திக் கொல்லப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் வீட்டுக்குள் போனார். ரேடியோகிராமின் மூடியில் முதல் குத்து. உள்ளே இருந்த வால்வுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மரம் பிளந்தது, வலைத்துணி கிழிந்து தொங்கியது. தட்டுகளை அள்ளி முற்றத்தில் எறிந்தார். ஹிந்திப் பாட்டுகள், இஸ்லாமிய கீதங்கள், பைலா எல்லாம் ஒரே கறுப்பாக மணலில் உடைந்து கிடந்தன. பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். "நல்ல வேல செஞ்சீங்க விதானையார்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் வாப்பாவின் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். விரல்கள் வேலை செய்யாததால் வாப்பாவால் அதைத் தூக்க முடியவில்லை. முழங்கையில் கொளுவிக்கொண்டு போனார்.

நான் சந்தோஷப்பட்டேன். பெட்டி உடைந்ததற்கு அழுதேன், வாப்பா போனதற்கு அழவில்லை. அன்றிரவு முறிவு வைத்தியர் உம்மாவின் கைக்குப் பத்துப் போட்டுக் கட்டியபோது, பக்கத்தில் இருந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் என் வேலை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். ஒன்பது வயதில் ஒரு வீட்டையே காப்பாற்றிவிட்டேன்.

ஜமாஅத் கூடி, தலாக் முடிந்தது. அதுவரைக்கும் மாமாவை ஊர் தோளில் வைத்துக்கொண்டாடியது. பிறகு நிந்தவூரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். வெற்றிலைத் தட்டத்தை நீட்டினால் தொடவில்லை.

அவர்களில் மூத்தவர்தான் பேசினார். "விதானையார், கோவிக்க வேணாம். மாப்பிள்ளய சலாகையால அடிச்சி, சாமானையும் ஒடச்சி, ரோட்டில போட்டீங்களாம்."

"அவன் எங்கட தங்கச்சிட கையை முறிச்சவன்!" என்றார் மாமா.

"அது புருசன் பொஞ்சாதி வழக்கு. அதுக்கு மரைக்கார் இரிக்கார், பள்ளி இரிக்கி. எங்கட புள்ளயும் இந்த வளவுக்குத்தானே வந்திரிக்கோணும்? நாளைக்கு ஒரு கத பேச்செண்டா அவனுக்கும் சலாகைதானே?"

வரம்புச் சண்டை ஆயிரம் தீர்த்த மாமா தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர்கள் சாச்சிக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை, எழும்பிப் போனார்கள். நான் முப்பது வருடம் படிப்பித்தும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஒரு பெண்ணின் கை முறிந்தது. ஊர் பயந்தது இன்னொரு மாப்பிள்ளையின் கையை நினைத்து. அதன் பிறகு வந்த வருடங்களிலும் சாச்சியைக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அதே கேள்வியோடு திரும்பிப் போனார்கள். மாப்பிள்ளையை அடித்து விரட்டுகிற குடி என்று பெயர் எடுத்துவிட்டோம். புது வீடு கூரையில்லாமல் மழையில் நின்றது.

நிந்தவூர் ஆட்கள் போன அன்றே சாச்சி எங்கள் பக்கம் வருவதை நிறுத்தினார். உம்மா சோறு ஆக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். வாப்பா இல்லாத துக்கம் என்று நான் நினைத்தேன். பாருங்கள், எனக்கும் வேறு நினைப்பு வரவில்லை. உம்மாவைத் தேற்ற என்னிடம் ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. ஒருநாள் பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு, உம்மா குசினிப் படியில் ஒற்றைக் கையால் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"உம்மா, ஒண்டு சொல்லட்டா? அந்தச் சில்ல எடுத்தது நான்தான்."

உம்மாவின் கை துருவலில் நின்றது.

"கிணத்துக்குள்ள போட்டன். பாட்டு நிண்டா எல்லாருக்கும் கேக்குமெண்டு. கேட்டு, மாமா வந்தாரே."

நல்ல பிள்ளை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இன்றுவரை அந்த எதிர்பார்ப்புக்காக வெட்கப்படுகிறேன்.

உம்மா எழும்பினார். அதுவரைக்கும் அவர் என்னை ஒரு தடவையும் அடித்ததில்லை. வலது கை இன்னும் கட்டுக்குள் இருந்தது, இடது கையால் அகப்பையை எடுத்தார். முதல் அடி காதோடு விழுந்தது, நான் படியில் இருந்து மணலில் விழுந்தேன். காம்பு முறிகிற வரைக்கும் முதுகில் அடித்தார். பிறகு விறகு. பிறகு வெறும் கை. சத்தம் போட்டுக்கொண்டு அடித்தார். அத்தனை வருடமும் வாய்க்குள் திணித்து வைத்திருந்த சத்தம் எல்லாம் அன்றைக்கு வந்தது.

"ரெண்டு மாசம்! ரெண்டு மாசம்டி! கூர போட்டு முடிஞ்சா அவள்ர நிக்காஹ். ரெண்டு மாசம் நான் தாங்கியிருப்பன்! பிறகு நானே காக்காட்டச் சொல்லியிருப்பன்! அடி வாங்கினது நான், ஒனக்கு எங்கடி நொந்த?"

எல்லாவற்றையும் மறைத்தது சாச்சிக்காக. பைலாவைப் போடச் சொன்னதும் அதற்காக. நான் உம்மாவின் உயிரை நினைத்துக்கொண்டிருந்தேன், உம்மா ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மூக்கில் இரத்தம் வழிய மணலில் கிடந்தபோது எனக்கு அது விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை. நான் கத்தினேன். எனக்கு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, தொண்டை கிழியக் கத்தினேன்.

வீட்டில் பாட்டு இல்லை. வேலி சரிந்து கிடந்தது, அதைத் திரும்பக் கட்டியிருக்கவில்லை. சரிந்த பக்கத்தால் ஒழுங்கையில் போகிறவர்களின் முகம் எனக்குத் தெரிந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார், பிறகு மிதித்துக்கொண்டு போனார். தலையில் குடத்தோடு போன பெண் நின்று, "அடி, அடி. அஞ்சில வளையாதது அம்பதில வளையுமா?" என்று உம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். கூரையில்லாத வீட்டின் பக்கத்தில் சாச்சி சாக்கு விரித்து மாவை அரித்துச் சலித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் வேலி கூட இல்லை. அரிதட்டில் அவருடைய கை தட்டுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது; உம்மா கத்தியதெல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும். "சாச்சீ!" என்று கத்தினேன். இரண்டாம் தடவையும் கத்தினேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அரிதட்டுச் சத்தம் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை.